சீட்டை ஏத்துங்க, முட்டி பிழைக்கும்

இன்னைக்கு சைக்கிள் சீட்டோட உயரத்தைப் பத்திப் பேசப் போறேன். இதுக்கு ஒரு தனி எபிசோடான்னு கேட்காதீங்க. ஆசையா சைக்கிள் வாங்கி, ரெண்டு மாசம் ஈசிஆர் பக்கம் ஓட்டிட்டு, "முட்டி வலிக்குது, நமக்கு இது செட் ஆகல"ன்னு பால்கனியில சாத்தி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே நாலைஞ்சு பேர் இருக்காங்க. அதுல மூணு பேரோட சைக்கிளை நான் பார்த்தேன். மூணுலயும் சீட் தாழ்வாத்தான் இருந்தது.

ஏன் தாழ்வா வைக்கிறோம்? நம்மில் பலர் அப்பாவோட பெரிய சைக்கிள்ல குரங்கு பெடல் அடிச்சுப் பழகினவங்க. கால் தரையில எட்டினாத்தான் நிம்மதி. கடையில ஏறி உட்கார்ந்ததும் ரெண்டு பாதமும் தரையில படுதான்னு பார்த்துட்டு, "கரெக்ட்டா இருக்கு"ன்னு சொல்லிடுறோம். ஆனால் அது நிற்பதற்கு வசதியான உயரம். மிதிப்பதற்கான உயரம் வேறு.

சீட் தாழ்வா இருந்தா பெடல் மேலே வரும்போது முழங்கால் ரொம்ப மடங்கும். அந்த நிலையில அழுத்தி மிதிக்கிறப்போ முட்டிச்சில்லு தொடையெலும்போட சேர்ந்து நெருக்கப்படும். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதிச்சா ஒரு மணி நேரத்துக்கு 4,800 தடவை. முட்டியோட முன்பக்கம் வலி வர்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

சரி, எவ்வளவு ஏத்தணும்? சுவரைப் பிடிச்சுக்கிட்டு, வழக்கமா போடுற ஷூவோட சீட்ல உட்காருங்க. ஒரு பெடலைக் கீழே கொண்டு வந்து, அதுமேல குதிகாலை வையுங்க. கால் நேரா நீளணும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்க உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால மிதிப்பீங்க இல்லையா, அப்போ முட்டி தானா லேசா மடங்கி நிக்கும்.

கணக்கு பிடிக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. டூர் டி பிரான்ஸை மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பெயரால சொல்ற சூத்திரம். கவட்டையிலிருந்து தரை வரைக்கும் அளந்து 0.883-ஆல் பெருக்கணும். 80 சென்டிமீட்டர் வந்தா, சீட்டின் மேல்பக்கத்துக்கும் பெடல் சுற்றுகிற நடு அச்சுக்கும் இடையே சுமார் 70.6 சென்டிமீட்டர். இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். டேப் ஒண்ணு சொல்லி, குதிகால் வேற சொன்னா, நான் குதிகாலைத்தான் நம்புவேன்.

ரொம்ப ஏத்தினாலும் வம்பு. முட்டிக்குப் பின்னாடி இழுக்கும், இடுப்பு இடமும் வலமும் ஆடும். பின்னாடி வர்ற நண்பரைப் பார்க்கச் சொல்லுங்க, உடனே தெரிஞ்சுடும். ஒரேடியா மாத்தாம, 5 மில்லிமீட்டரா மாத்தி ரெண்டு மூணு ரைடு ஓட்டிப் பாருங்க. சீட் கம்பியில ஒரு கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோடு வெளியே தெரியற அளவுக்கு ஏத்தவே கூடாது, கம்பி முறியலாம். அது வரைக்கும் ஏத்தியும் கால் மடங்கித்தான் இருக்குன்னா, அந்த ஃபிரேமே உங்களுக்குச் சின்னது. அண்ணனோட பழைய சைக்கிள்ல இது நிறைய நடக்கும்.

"சிக்னல்ல கால் எட்டாதே?" சீட்லயே உட்கார்ந்திருந்தா எட்டாதுதான். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கணும். ஒரு கால் பெடல்ல, ஒரு கால் தரையில. காலியான தெருவுல பத்து தடவை பழகுங்க. அண்ணா சாலை நெரிசல்ல அப்பவும் பயமா இருந்தா, கொஞ்ச நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் குறைச்சே ஓட்டுங்க. முட்டி வலியைவிட பஸ்ஸுக்குப் பக்கத்துல விழறது மோசம்.

கை மரத்துப்போறது இன்னொரு புகார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தா, உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம். சீட் மூக்கு கீழே சாஞ்சிருந்தா உடம்பு முன்னாடி வழுக்கி, பாரமெல்லாம் கைக்குப் போகும். சீட்டை மட்டமா வச்சுப் பாருங்க. அப்புறம் ஹேண்டில்பார் ரொம்ப தூரமா இருக்கான்னு கவனிங்க. இறங்கின பிறகும் மரத்தது போகலைன்னாலோ, முட்டி வீங்கினாலோ ஸ்பேனரை வச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க.

உயரம் செட் ஆனதும் சீட் கம்பியைச் சுத்தி கொஞ்சம் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்க. வீட்ல யாராவது கடைக்கு எடுத்துட்டுப் போய் இறக்கிட்டு வருவாங்க, பாருங்க.