எழுத்தைத் தேடும் இயந்திரமும் பொருளைத் தேடும் நூலகரும்

கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து நிற்கின்றன. அப்படியானால் நூலகர் எதற்கு? இக்கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கலாம். விடை காண, இயந்திரம் எவ்வாறு தேடுகிறது என்பதை முதலில் அறிவோம்.

பெரிய நூல்களின் இறுதியில் சொல்லடைவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அது அகர வரிசையில் காட்டும். தேடுபொறியும் இத்தகைய சொல்லடைவு ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும்போது அது எல்லாப் பக்கங்களையும் புரட்டுவதில்லை. அடைவை மட்டுமே பார்க்கிறது. அதன் வேகத்திற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு சொல், பல பொருள்

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'திங்கள்' என்று தேடினால் நிலவும் வரும், மாதமும் வரும், கிழமையும் வரும். மாறாக, ஆக்சிஜன், பிராணவாயு, உயிர்வளி மூன்றும் ஒரே வாயுவின் பெயர்கள். எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்திற்கு அவை மூன்று வெவ்வேறு சொற்களே. இன்றைய தேடுபொறிகள் இணைச்சொற்கள் பலவற்றை அறியும் என்றாலும் இந்தச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

நூலகர்கள் இதற்கு முன்பே வழி கண்டனர். ஒரு பொருளுக்கு ஒரே தலைப்பை வரையறுத்து, மற்றப் பெயர்களிலிருந்து அதற்கு வழிகாட்டினர். பகுப்புமுறையில் பெரும் பங்காற்றியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். 'தமிழ்நாட்டில் நெற்பயிர் நோய்த் தடுப்பு' என்னும் நூலை எங்கே வைப்பது? பயிர், நோய், தடுப்பு, இடம் எனப் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் குறியீடு தந்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைப்பதே அவர் முறை.

அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு

முன்பு நூல் விவரங்கள் அட்டைகளில் எழுதப்பட்டு இழுப்பறைகளில் அடுக்கப்பட்டன. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் என்னும் அம்மையார், அவ்விவரங்களைக் கணிப்பொறி படிக்கும் வடிவில் அமைத்தார். மார்க் எனப்படும் அம்முறையில் ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650 என எண்கள் உண்டு. எது ஆசிரியர் பெயர், எது நூலின் பெயர் என்பது இயந்திரத்திற்குத் தானாகத் தெரியாதல்லவா? அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நூலகர்களே.

அட்டை எழுதும் வேலை மறைந்தது. அதைவிடக் கடினமான வேலை வந்து சேர்ந்தது. பாம்புக்கடிக்கு முதலுதவி என்ன என்று தேடுவதாகக் கொள்வோம். கடிவாயைக் கீறி இரத்தத்தை உறிஞ்சச் சொல்லும் பழைய பக்கமும் வரும். அது தீங்கானது, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்னும் பக்கமும் வரும். இரண்டிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தாம்! தவறானதைத் தேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எந்த நிறுவனம் வெளியிட்டது என்று சோதிக்க நமக்குப் பழக்குபவர் நூலகர்.

கேள்விக்குத் தாமே விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களும் இன்று வந்துவிட்டன. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்து அவை எழுதுகின்றன. ஆகவே, இல்லாத நூலையும் இருப்பதுபோல் சில வேளைகளில் குறிப்பிட்டுவிடுகின்றன. அந்நூல் உண்மையில் உண்டா என்று நூற்பட்டியலில் சரிபார்ப்பதும் இன்றைய நூலகரின் பணியே.

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலக விதிகளுள் ஒன்றாக இரங்கநாதன் 1931இல் வகுத்தார். விரைவாகக் கிடைத்த தவறான விடையும் நேரத்தை வீணாக்குவதுதானே?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஆக்சிஜனின் மூன்று பெயர்களையும் தனித்தனியே கணிப்பொறியில் தேடி, கிடைப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பொருளில் நூல் வேண்டுமென்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள். "எதற்காக வேண்டும்? எந்த வகுப்பு?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் அவருடைய தொழில் இருக்கிறது.