நீதிமன்றம் உறுதியைக் கேட்டால்...

மீளக்குடியேறிய கிராமமொன்றிலிருந்து முதியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். மடியிலிருந்து கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். அது மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணை. பக்கத்துக் காணிக்காரரின் எல்லை வழக்கில் இவருடைய காணி உறுதியைக் கொண்டுவரும்படி அதில் எழுதியிருந்தது. நான்கு நாட்களாக அதைக் கூரைக்குள் செருகி வைத்திருந்தாராம். "உறுதியைக் குடுத்தால் காணி பேந்து எனக்கு வருமோ, சுவாமி?" என்பதே அவருடைய கேள்வி.

1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்தபோது, உடுத்த உடுப்போடு உறுதிப் பையையும் மட்டுமே கொண்டுவந்தவர்கள் எம்மிடையே பலர். அந்தப் பையைத் திறக்கச் சொன்னால் பயம் வருவது இயல்பே. எனினும், இவ்விடயத்தில் பயத்தை விட அறிவே எமக்குப் பாதுகாப்பு.

எந்தக் கடதாசி வந்திருக்கிறது?

முதலில் இதனைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மீதே வழக்குப் போட்டு, நீங்கள் எதிராளி என்று வந்த அழைப்பாணை வேறு. அதற்குக் குறித்த தவணையில் தோன்றி, சட்டத்தரணி மூலம் மறுமொழி அணைக்க வேண்டும். தவறினால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படலாம். பிறருடைய வழக்கில் சாட்சியாக வரும்படியோ, ஆவணத்தைக் கொண்டுவரும்படியோ கேட்பது வேறு. நாம் இங்கு பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றியே.

அழைப்பாணையில் நான்கு விபரங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, எந்தத் திகதி எத்தனை மணிக்கு, எந்த ஆவணம். வாசிக்க முடியாவிட்டால் அன்றைக்கே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கூரைக்குள் செருகி வைத்தால் தவணை நிற்காது. போகாமல் விட்டால் பிடியாணை வரவும் இடமுண்டு. நோயோ வேறு தக்க காரணமோ இருந்தால் தவணைக்கு முன்பே நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.

காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டுக்குரியது. அதன் 162 ஆம் பிரிவின்படி, கேட்கப்பட்ட ஆவணம் எமது கையில் இருந்தால், அதைக் காட்ட எமக்கு ஆட்சேபனை இருந்தாலும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அந்த ஆட்சேபனை சரியா பிழையா என்று தீர்மானிப்பவர் நீதிபதி. வீட்டில் இருந்துகொண்டு நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அதே சட்டம் எம்மையும் காக்கிறது. வழக்கில் கட்சிக்காரராக இல்லாத ஒருவரை அவருடைய சொந்தக் காணி உறுதியைக் காட்டும்படி பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 130 ஆம் பிரிவு. ஆவணத்தைக் கொண்டுவந்து காட்டியதால் மட்டும் ஒருவர் சாட்சியாகிவிடமாட்டார், சாட்சியாக அழைக்கப்படும் வரை அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது என்கிறது 139 ஆம் பிரிவு. உறுதியை மன்றில் காட்டுவதால் காணி கைமாறாது. காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு, புதிய உறுதி முடிக்க வேண்டும்.

போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நிழற்பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். மூலப்பிரதியை வழக்கேட்டில் வைத்துக்கொண்டால், என்ன அடையாளமிட்டு வைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் சட்டத்தரணி மூலம் திருப்பிக் கேட்க அது உதவும். நீதிமன்றத்துக்கு வெளியே எவரிடமும், எக்காரணம் கொண்டும், மூலப்பிரதியைக் கொடுக்க வேண்டாம்.

உறுதி தொலைந்திருந்தால்?

இல்லாத ஒன்றைக் கொண்டுவா என்று சட்டம் கேட்பதில்லை. தவணைக்குப் போய், எந்த இடப்பெயர்வில், எப்படித் தொலைந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். மூலப்பிரதி அழிந்தோ தொலைந்தோ போயிருந்தால் வேறு சான்று காட்டவும் சட்டத்தில் இடமுண்டு.

நொத்தாரிசு முடித்த உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு. ஒன்று காணிக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசிடம், மற்றொன்று காணிப் பதிவகத்துக்கு. ஆகவே எமது பிரதி எரிந்தாலும் உறுதி அழிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் நினைவிலுள்ளதைச் சொல்லி, காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். குடியேற்றத் திட்டக் காணிகளுக்குரிய அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் என்பவற்றின் விபரங்களைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். உறவுமுறையை நிரூபிக்கப் பிறப்பு, விவாகப் பதிவுகளும், பங்குகளில் உள்ள பழைய திருமுழுக்குப் புத்தகங்களும் உதவலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தொலைந்ததற்குப் பதிலாகப் பழைய திகதியிட்டுப் புது உறுதி முடித்துத் தருகிறோம் என்று வருபவரை நம்பாதீர்கள். அழிந்த எழுத்தின் மேல் பேனையால் எழுதவும் வேண்டாம். பொய் ஆவணம் ஆக்குவதும், கேட்ட ஆவணத்தை மறைப்பதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். கறையான் அரித்த உறுதியானாலும் அப்படியே கொண்டுபோங்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையொப்பம் உண்மையானதென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லையே என்று கலங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறது.

அந்த முதியவருக்கு இவற்றையெல்லாம் விளங்கப்படுத்தினோம். கட்டாயமில்லை என்பதையும் சொன்னோம். அவர் தமது உறுதியை எடுத்து எல்லைகளை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். "வடக்கு" என்ற இடத்தில் பக்கத்துக் காணிக்காரரின் தகப்பனுடைய பெயர் இருந்தது. அந்தக் குடும்பத்தின் உறுதியோ இடப்பெயர்வில் போய்விட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அவன்ரை காணிக்கு என்ரை உறுதிதான் சாட்சி. கொண்டுபோறன்" என்றார்.

ஒருவருடைய உறுதியின் நான்கு எல்லைகளிலும் நான்கு அயலவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பையிலுள்ள கடதாசி உங்களுடைய காணியை மட்டும் காப்பதில்லை. அதனைப் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றம் கேட்கும்போது பயமின்றி எடுத்துச் செல்லுங்கள்.