மொழித் தெரிவும் மொழியுரிமையும்: மும்மொழி இணையத்தளங்கள் பற்றிய ஒரு நோக்கு

வெள்ளவத்தையூடாகக் காலி வீதியிற் செல்லும் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களின் பெயர்ப்பலகைகளிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் காண்கின்றோம். தமிழ் வரியில் எழுத்துப்பிழை இருப்பினும் அவ்வரி அங்கேயே இருக்கின்றது. மூன்றையும் ஒருங்கே ஒப்புநோக்க இயலும். இணையத்தளம் இத்தகையதன்று. அது ஒரு வேளையில் ஒரு மொழியையே காட்டுகின்றது. ஏனைய மொழிகள் பக்கத்தின் மேல் மூலையிலுள்ள ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. அச்சொல்லை அழுத்தும்போது நிகழ்வது யாது என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் பொருளாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். கொட்டாஞ்சேனையில் வாழும் துறைமுகத் தொழிலாளி ஒருவர், அரச நிறுவனமொன்றின் தளத்தில் தமக்குரிய கொடுப்பனவின் நிபந்தனைகளைத் தேடுகின்றார். தேடுபொறி அவரை ஆங்கிலப் பக்கத்திற்கு இட்டுச் செல்கின்றது. அவர் ‘தமிழ்’ என்பதை அழுத்துகின்றார். அதே நிபந்தனைகள் தமிழில் தோன்றலாம். அல்லது தளத்தின் முகப்புப் பக்கம் தோன்றி, தேடலை முதலிலிருந்து தொடங்க நேரலாம். அல்லது தலைப்புகள் மாத்திரம் தமிழாகி உள்ளடக்கம் ஆங்கிலமாகவே எஞ்சலாம். முதலாவது மாத்திரமே மொழித் தெரிவு எனும் பெயருக்குரியது.

இவ்வேறுபாட்டின் காரணம் தளத்தின் அமைப்பிலே தங்கியுள்ளது. பக்கமொன்றின் முகவரியில் மொழியைச் சுட்டும் பகுதியும் பொருளைச் சுட்டும் பகுதியும் உண்டு. முன்னதற்கு ஐ.எஸ்.ஓ. 639 எனும் சர்வதேச நியமத்தின் ஈரெழுத்துக் குறியீடுகள் பெரிதும் பயன்படுகின்றன. நன்கு திட்டமிடப்பட்ட தளத்தில், ஒரு பக்கத்தின் மும்மொழி வடிவங்களும் தரவுத்தளத்தில் ஒரே அடையாள எண்ணால் பிணைக்கப்பட்டிருக்கும். மொழி மாறும்போது மொழிப் பகுதி மாறும், அடையாளம் மாறாது. ஒரு மொழியில் தளத்தை அமைத்து முடித்தபின் ஏனைய மொழிகளைத் தனித்தனித் தளங்களாக ஒட்டவைக்குமிடத்து இப்பிணைப்பு இல்லாதொழிகின்றது. எந்தப் பக்கத்திற்கு எது இணை என்பதை அறியாத பொறி வாசகரை வாசலுக்கே திருப்பி அனுப்புகின்றது.

இப்பிணைப்பு எய்த முடியாத ஒன்றன்று. 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவை நோக்குவோம். முன்னர் ஒவ்வொரு கட்டுரையிலும் பிறமொழி இணைப்புகளைத் தனித்தனியே எழுதவேண்டியிருந்தது. 2012இல் உருவான விக்கித்தரவு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணை வழங்கியது. 2013 முதல் மொழியிணைப்புகள் அவ்வெண்ணின் வழியே இயங்குகின்றன. கட்டுரை இல்லாத மொழி பட்டியலில் இடம்பெறுவதில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டாமை இங்கு மனங்கொளத்தக்கது.

நமது அரச வர்த்தமானியும் இந்நெறியை அறியாததன்று. அதிவிசேட வர்த்தமானியின் மும்மொழி வடிவங்களும் ஒரே இலக்கத்தைத் தாங்குகின்றன. ஆயினும் நமது சட்டங்களில் வழமையாக இடம்பெறும் ஒரு பிரிவு, சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என விதிக்கின்றது. இலக்கம் ஒன்றாயினும் உரைகளின் தகுதி ஒன்றன்று. எது மூலம், எது பின்வரும் பெயர்ப்பு என்ற உற்பத்தி ஒழுங்கே இணையத்தளத்திலும் பிரதிபலிக்கின்றது. தமிழ்ப் பக்கத்தின் வெறுமை தொழில்நுட்பத்தின் குறைபாடு மாத்திரமன்று. மொழிபெயர்ப்பு உழைப்புக்கு நிதியும் ஆளணியும் ஒதுக்கப்படாமையின் புறத்தோற்றமுமாகும்.

1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் பதினாறாவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளிலும் ஒருவர் அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையை ஏற்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. மக்கள் அரசைச் சந்திக்கும் இடம் கந்தோரின் கருமபீடத்திலிருந்து திரைக்குப் பெயரும் இன்று, இவ்வுரிமையின் உரைகல்லும் அத்திரையே.

மொழிப் பிரச்சினையின் வர்க்க உள்ளடக்கம் இவ்விடத்திலே தெளிவாகின்றது. ஆங்கிலம் கற்ற வெள்ளவத்தை மத்தியதர வாசகருக்கு முகப்புக்குத் திரும்புதல் சிறு எரிச்சலே. அவர் ஆங்கிலப் பக்கத்திற்கு மீள்வார். தமிழ் மாத்திரமே அறிந்த தொழிலாளிக்கோ அது தேடலின் முடிவு. அவர் பிறரிடம் கெஞ்சவோ, படிவம் நிரப்பித் தருபவருக்குப் பணம் கொடுக்கவோ வேண்டியவராகின்றார். உரிமை சேவையாக மாறி விலைக்கு வருகின்றது.

எனவே மொழிச் சமத்துவத்தை முகப்புப் பக்கத்தில் அளத்தல் போதாது. உட்பக்கங்களிலே அளத்தல் வேண்டும். மூன்று வடிவங்களும் ஓரடையாளத்தால் பிணைக்கப்படுதல், படிவத்தில் நிரப்பியவை மொழி மாறும்போது அழியாதிருத்தல், பெயர்ப்பு இல்லாதவிடத்து அதனைத் தமிழிலேயே ஒப்புக்கொள்ளல் ஆகியன குறைந்தபட்சத் தேவைகளாம். இவற்றால் தமிழர் மாத்திரம் பயனடைவர் எனக் கருதுதல் தவறாகும். சிங்களம் மட்டும் அறிந்த எழுதுவினைஞரும் தமிழ் மட்டும் அறிந்த விண்ணப்பதாரியும் ஒரு திரையின்முன் அமர்ந்து, ஒரே பிரிவை இரு மொழியிலும் மாற்றிமாற்றி வாசித்து உடன்படக்கூடிய வாய்ப்பு, இரு சாராருக்கும் உரியது. அப்பக்கத்தைத் தவறவிடாத மொழித் தெரிவே சட்டத்திலுள்ள சமத்துவத்தை நடைமுறைக்குக் கொணரும்.