மெலிவு வேறு, குட்டை வேறு: குழந்தைகளின் உடலில் பசி செய்வது என்ன?

புதுதில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் திரும்பத் திரும்ப எழுப்பப்படும் கேள்விகளில் ஒன்று, குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றியது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அளிக்கும் பதிலில் மூன்று சதவீதங்கள் இடம்பெறும். வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள், வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். அவையில் பேசும்போது மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மருத்துவர்களுக்கோ இவை வெவ்வேறு பாதிப்புகள்.

2019-21-ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குள்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள், 19.3 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 32.1 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 2005-06 ஆய்வில் வளர்ச்சி குன்றியோர் 48 சதவீதமாக இருந்தனர். அது ஓரளவு குறைந்திருக்கிறது. மெலிவு அன்று 19.8 சதவீதம், ஏறத்தாழ அசையவே இல்லை.

அங்கன்வாடி ஊழியர்கள் செல்பேசியில் பதிவு செய்யும் 'போஷண் டிராக்கர்' கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2024 ஜூன் மாதப் பதிவின்படி, மெலிந்த குழந்தைகள் சுமார் 5 சதவீதம், எடை குறைந்தவர்கள் 17 சதவீதம். உலகப் பட்டினிக் குறியீட்டை மத்திய அரசு ஏற்க மறுத்தபோது முன்வைத்த வாதங்களில் இக்கணக்கும் ஒன்று. முன்னது வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து எடுக்கப்படும் ஆய்வு. பின்னது அங்கன்வாடியில் அளக்கப்படும் குழந்தைகளின் பதிவு. எது சரி என்பதில்தான் வாதம் அனைத்தும் செலவாகிறது. ஆனால், வளர்ச்சி குன்றியோர் 35 சதவீதம் என்பதில் இரு கணக்குகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அதைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

மெலிவு என்பது அண்மைக்காலப் பட்டினியின் அல்லது நோயின் விளைவு. உணவு கிடைக்காதபோது உடல் முதலில் கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பைக் கரைக்கிறது. ஒரு நாளைக்குள் அது தீர்ந்துவிடும். பின்னர் கொழுப்பு, அதன்பின் தசை. இதயமும் தசைதான் என்பதால் அதுவும் சுருங்குகிறது, நாடித்துடிப்பு தளர்கிறது. குடலின் உட்சவ்வு மெலிந்து, கிடைக்கும் உணவையும் உறிஞ்ச இயலாமல் போகிறது. நெஞ்சுக்கூட்டில் உள்ள, நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான தைமஸ் சுரப்பி சிறுத்துவிடுகிறது. இந்நிலையில் கிருமி தொற்றினாலும் பல நேரங்களில் காய்ச்சல் வருவதில்லை. காய்ச்சல் இல்லையே என்று பெற்றோர் ஆறுதல் கொள்வதும் உண்டு. சாதாரண வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ இக்குழந்தைகளின் உயிரைப் பறித்துவிடுகிறது.

குட்டையாதல் நெடுநாளையது. பெரும்பாலும் கருவிலேயே, ரத்தசோகை உள்ள தாயிடமிருந்தே அது தொடங்குகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரத்தைப் பின்னர் முழுமையாக மீட்பது அரிது. மூளை மிக வேகமாக வளரும் காலமும் அதுவே. மெலிந்த குழந்தைக்குச் சில வாரங்களில் எடையைக் கூட்டிவிடலாம். உயரத்துக்கு அத்தகைய சிகிச்சை கிடையாது.

மூன்றாவதாக ஒன்றுண்டு. குழந்தை மெலிந்து காணப்படாது. கால்களும் முகமும் வீங்கி, பார்வைக்குக் கொழுகொழுவென்றே தோன்றும். தலைமுடி வெளிறும், தோல் உரியும். 1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அங்குள்ள மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்ற பெயரிலேயே இந்நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை வந்ததால் தாய்ப்பாலை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தமிழில் 'சவலை' என்ற சொல் குறிப்பதும் அத்தகைய பிள்ளையைத்தான். இந்நோயை இந்தியாவில் விரிவாக ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி.கோபாலன். 1918-ல் குன்னூரில் தொடங்கி, 1958-ல் ஹைதராபாதுக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஒரே வகை உணவு உண்ணும் குழந்தைகளில் சிலர் வற்றிப்போவதும் சிலர் வீங்கிப்போவதும் ஏன் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பட்டினிக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ள முடியாத உடலே வீங்குகிறது என்றார் அவர்.

பசித்த குழந்தைக்கு வயிறார உணவு கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இயல்பானது. அதுவே ஆபத்தும் ஆகலாம். திடீரென அதிக உணவு செல்லும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவு சரிந்து இதயம் செயலிழக்கக்கூடும். 1945-ல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் உணவு கிடைத்த பின்னரே இறந்தனர். எனவே கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு முதலில் 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே உள்ள பால் கலவை, இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல் சிறிது சிறிதாகப் புகட்டப்படுகிறது. ரத்தசோகை இருந்தாலும் இரும்புச்சத்து மருந்து உடனே தரப்படுவதில்லை. வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலில் உள்ள உப்புகூட இக்குழந்தைகளுக்கு மிகுதி. உடல் குளிர்ந்துவிடாமல் தாயின் மார்போடு அணைத்து வைத்திருப்பதும் சிகிச்சையின் பகுதியே.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் பாதிப்பு. 2023 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, இத்தகைய குழந்தைக்கு உணவு கொடுத்து, உண்கிறதா என்று சோதிக்க வேண்டும். உண்ணும் குழந்தை, வேறு நோய் இல்லையெனில், அங்கன்வாடி கண்காணிப்பிலேயே தேறலாம். உண்ண மறுக்கும் குழந்தையும், நோயுற்ற குழந்தையும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.

மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் மாவட்ட மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும் இம்மையங்களில் குழந்தை சுமார் இரண்டு வாரம் தங்க வேண்டும். தாயும் உடன் இருக்க வேண்டும். கூலி இழப்புக்கு ஈடாக அவருக்கு ஒரு தொகை வழங்கப்படுகிறது. ஆயினும் வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளையும் அறுவடைக் கூலியையும் எண்ணி, பாதியிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் தாய்மார்கள் உண்டு. எடை 15 சதவீதம் கூடிய பின்னரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதன் பின்னரும் பலமுறை மையத்துக்கு வந்து எடை பார்த்துச் செல்ல வேண்டும். பேருந்து வசதியில்லாத பழங்குடிக் கிராமங்களிலிருந்து அவ்வாறு வருவது எளிதன்று.