பிரபலமான மீனுக்குப் பெயர் இல்லை!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோல் தொழிலில் பழகிய ஒரு தாத்தாவிடம் இரண்டு ஆட்டுத் தோல்களைக் காட்டுங்கள். விரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இது வெள்ளாடு, அது செம்மறி" என்று பட்டென்று சொல்லிவிடுவார். எப்படி? முடி முளைத்திருந்த நுண்ணிய துளைகள் வெள்ளாட்டுக்கு ஒரு மாதிரியும், செம்மறிக்கு வேறு மாதிரியும் அமைந்திருக்கும். ஆனால், அதே தோலுக்குச் சாயம் ஏற்றி, மேலே கெட்டியாகப் பூச்சும் பூசிவிட்டால்? தாத்தாவே கொஞ்சம் திணறுவார்!

மீன்களை இனம் பிரிக்கும் விஞ்ஞானிகளும் இப்படித் திணறியது உண்டு.

காவிரியில் கூன்முதுகு மஹசீர் என்று ஒரு மீன் இருக்கிறது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மேல் வளரும். எடை 45 கிலோவையும் தாண்டும். அதாவது, உங்களில் பலரைவிட அது கனம்! ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-ல் எழுதிய தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய புத்தகத்தால் உலகப் புகழ் பெற்றது.

இவ்வளவு புகழ் இருந்தும், அதன் சரியான அறிவியல் பெயர் எது என்பதில் மட்டும் குழப்பம் தீரவில்லை. மஹசீர்களில் பல இனங்கள் உண்டு. பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஒரே இனத்திலேயே குட்டி மீனும் பெரிய மீனும் வேறு வேறாகத் தெரியும். கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

அப்போதுதான் கைகொடுத்தது டி.என்.ஏ.!

ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான 'எழுத்துச் சரம்' இருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள்தான். பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்குப் பிரதி எடுக்கப்படும்போது, எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும்.

வகுப்பில் இருவர் காப்பி அடித்தால் டீச்சர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டு நோட்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருக்கும், இல்லையா? விஞ்ஞானிகளும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒரே மாதிரியான மாற்றங்கள் நிறைய இருந்தால் நெருங்கிய சொந்தம். வித்தியாசம் கூடக் கூடத் தூரத்துச் சொந்தம். இதற்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பில் ஒரு சின்னத் துணுக்கு போதும்.

இங்கிலாந்தின் ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன் உள்ளிட்ட விஞ்ஞானிகள், நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மோயாற்றில் கிடைத்த கூன்முதுகு மஹசீரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். 2018-ல் விடை கிடைத்தது. அதற்கு முன்பே, கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களுக்கு 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னையில் பணியாற்றிய மீன் விஞ்ஞானி ரெமாதேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. அந்தச் சின்ன மீனும் காவிரியின் இந்த ராட்சத மீனும் ஒரே இனம்! பாம்பாற்றுத் தண்ணீரும் அமராவதி வழியாகக் காவிரிக்குத்தானே வருகிறது!

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? மஹசீர்களைப் பெருக்குவதாக நினைத்து, 1970-கள் முதல் காவிரியில் நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை விட்டார்கள். அது காவிரி மீனே அல்ல. வெளியூர் மீன் பெருகியது. சொந்த ஊர் மீன் அருகிப் போனது. 'எல்லாம் மஹசீர்தானே' என்று நினைத்ததால் இது வெகுநாள் கவனத்துக்கு வரவில்லை. சரியான பெயர் கிடைத்த பிறகுதான், 2018-ல், அழியும் ஆபத்து மிக மிக அதிகமாக உள்ள உயிரினங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. பெயர் இல்லாவிட்டால் பட்டியலில் எப்படி எழுதுவது?

சரி, நம் பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவுநீரால் பாழான இந்த ஆற்றைக் காக்க உச்ச நீதிமன்றம் 1996-லும், மீண்டும் 2025-லும் தீர்ப்பு சொன்னது. நாளை ஆறு சுத்தமாகும்போது, எந்த மீனைத் திரும்ப அழைப்பது? அதற்கு, முன்பு யார் யார் அங்கே குடியிருந்தார்கள் என்று தெரிய வேண்டுமே!

இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: "சின்ன வயதில் பாலாற்றிலும் ஏரியிலும் என்னென்ன மீன் பிடித்தீர்கள்?" அவர்கள் சொல்லும் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வளர்ந்து பெரியவர்களானதும், அந்த மீன்களின் சொந்தபந்தத்தைக் கண்டுபிடிப்பது ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம்!