பழைய இணைப்பைத் துண்டிப்பது யார் பொறுப்பு?

கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மலேசியாவுக்கு 2008இல் வந்தது. புது நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் போதும், பழைய இணைப்பு தானாக விடுபட்டுவிடும். வீட்டு பைபர் இணைப்பு அப்படியல்ல. பழைய ஒப்பந்தமும் புதிய ஒப்பந்தமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பழையதை முடிக்க வேண்டியவர் வாடிக்கையாளர்தான். வேலைக்காக ஜொகூர் பாருவிலோ ஸ்கூடாயிலோ வந்து தங்கியிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

"பழசை நாங்களே கட் பண்ணிடுவோம்" என்று விற்பனை ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொல்லும் வாக்குறுதியை நம்பி இருந்துவிடக் கூடாது. மாதம் 129 ரிங்கிட் கட்டணம் என்றால், 6 விழுக்காடு சேவை வரியோடு 136.74 ரிங்கிட். நான்கு மாதம் கவனிக்காமல் விட்டால் 546.96 ரிங்கிட் வீண். கட்டாமல் விட்டால் அந்தக் கடன் சிடிஓஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறலாம். பிறகு கார் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருப்பது நல்ல விஷயம்தான். டெலிகம் மலேசியாவின் கம்பியைப் பிற நிறுவனங்கள் பயன்படுத்தக் கொடுக்கும் விலைக்கு அரசு வரம்பு கட்டியதால், 2018இல் கட்டணங்கள் இறங்கின; அந்த ஆண்டு மேக்சிஸ் நிறுவனம் 100 எம்பிபிஎஸ் வேக இணைப்பை 129 ரிங்கிட்டுக்கு அறிவித்தது. ஆனால் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் புது நிறுவனமும் பெரும்பாலும் அதே கம்பியைத்தான் பயன்படுத்தும். தெருப்பெட்டியில் காலி போர்ட் இருக்கிறதா, பழைய இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டுமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கம்பி வேறு என்றால், புதியது ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை பழையதைத் தொடக்கூடாது. கொண்டோவாக இருந்தால் எந்த நிறுவனத்தின் கம்பி கட்டடத்துக்குள் வந்திருக்கிறது என்று நிர்வாக அலுவலகத்தில் விசாரிப்பதே முதல் வேலை.

வெளிநாட்டவருக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். வேலை பெர்மிட்டோ ஓராண்டில் முடியலாம். இடையில் முறித்தால் எவ்வளவு அபராதம், வைப்புத்தொகை எப்போது திரும்பும், வீடு மாறினால் இணைப்பும் கூட வருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கடப்பிதழ் நகலைக் கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை அதன் குறுக்கே எழுதிவிடுவது நல்லது.

துண்டிப்புக் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, குறிப்பு எண் வாங்க வேண்டும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது கேட்காமல் திரும்பக் கூடாது. அந்தக் கருவி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. ரசீது இல்லாவிட்டால், காணாமல் போனதாகச் சொல்லிப் பணம் கேட்கலாம்.

அதன் பிறகும் பில் வந்தால், முதலில் நிறுவனத்திடமே புகார். பதில் திருப்தி தராவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். இணையத்திலேயே புகார் பதியலாம். இழந்த பணத்தைத் திரும்பப் பெற 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் ஏற்கிறது, வழக்கறிஞர் வேண்டியதில்லை. பயனீட்டாளர் யார் என்பதை அந்தச் சட்டம் குடியுரிமையை வைத்து வரையறுக்கவில்லை. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும், விசாரணைக்கு நேரில் நிற்க வேண்டியிருக்கலாம். ஆகவே ஊர் திரும்பப்போகிறவர்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே கணக்கை முடித்து, கடைசி பில்லில் நிலுவை பூஜ்யம் என்று வரும்வரை காத்திருந்து புறப்படுவது உசிதம்.