அரக்கனின் நிறம் யாது?

பிராங்கன்ஸ்டைன் படைத்த அரக்கனின் பிளாஸ்டிக் உருவத்தை ஒட்டி முடித்தவர், தூரிகையை எடுத்ததும் தயங்குவார்: மேனிக்கு எந்நிறம் பொருந்தும்? 1931ஆம் ஆண்டுத் திரைப்படம் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. அது விடை கூறாது. ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ், நடிகர் பொறிஸ் கார்லோவின் முகத்தில் சாம்பல் கலந்த பச்சைச் சாயத்தைப் பூசினார். பச்சையாகத் தோன்றவேண்டும் என்பதற்கன்று. படச்சுருளில் அது பிணத்தின் வெளிறலாகப் பதியும் என்பதற்காகவே. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலிலோ அவன் தோல் மஞ்சள், உதடுகள் கருமை.

ஆகவே கடும்பச்சை விளம்பரத்துக்கு அழகாயிருக்கலாம், பிணத்துக்குப் பொருந்தாது. சாம்பல் நிறத்திற் சிறிது பச்சை கலந்து மெல்லெனப் பூசி, நன்கு உலர்ந்தபின் கண்குழிகளிலும் கன்னக்குழிகளிலும் நீர்த்த கருஞ்சாயத்தைப் படியவிட்டு, நெற்றிமேட்டில் வெண்மை கூட்டிய அதே நிறத்தைத் தொட்டுவிட்டால், திரையிற் கண்ட முகம் தென்படும். உதட்டுக்குக் கருமையே போதும். அதில் மேரி ஷெல்லியை மீறவேண்டியதில்லை.